விலை சொல்வது என்ன? பழைய ரிவால்வர்களும் ஓர் அறிவியல் சோதனையும்

மாணவர்களே, 2021 ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் போன்ஹாம்ஸ் நிறுவனம் ஒரு பழைய ரிவால்வரை ஏலத்தில் விட்டது. அது போன விலை 60 லட்சத்து 30 ஆயிரம் அமெரிக்க டாலர். கோல்ட் நிறுவனம் 1873-இல் அறிமுகப்படுத்திய ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ என்ற வகையைச் சேர்ந்தது அந்தத் துப்பாக்கி. அந்த வகையில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே 350,000-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. அதே காலத்தில், அதே தொழிற்சாலையில், அதே உலோகத்தில் செய்யப்பட்ட மற்றொன்றைச் சேகரிப்பாளர்கள் சில ஆயிரம் அல்லது சில பத்தாயிரம் டாலருக்கு வாங்குகிறார்கள்.

அப்படியானால் மீதிப் பணம் எதற்கு? அந்தத் துப்பாக்கியின் எஃகு மற்றவற்றைவிட உறுதியானதா? குறி தவறாததா? இல்லை. 1881 ஜூலை 14-ஆம் தேதி, நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னர் என்னும் ஊரில், ‘பில்லி த கிட்’ எனப்பட்ட இளைஞனைச் செரிஃப் பேட் கேரட் சுட்டுக் கொன்றது இந்தத் துப்பாக்கியால்தான். கொல்லப்பட்டபோது அவனுக்கு ஏறத்தாழ 21 வயது. வாங்கியவர் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி அந்த ஓர் இரவுக்குக் கொடுத்த பணம்.

இணைய விளையாட்டுகளிலும் திரைப்படங்களிலும் சில ரிவால்வர்களின் பெயர்களை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ‘உலகிலேயே சிறந்தது’, ‘இதற்கு நிகர் எதுவுமில்லை’ என்றெல்லாம் அவற்றைப் பற்றிச் சொல்வார்கள். அந்தப் புகழ் நியாயமானதா? அந்த விலை தகுமா? இந்த வாரம் அதைத்தான் ஆராயப் போகிறோம். நமக்குத் துப்பாக்கி தேவையில்லை. படிவம் 4 இயற்பியலும் கொஞ்சம் வேதியியலும் போதும்.

தொடங்கும் முன் ஒரு சொல். இது உயிரைப் பறிக்கும் கருவி. மலேசியாவில் 1971-ஆம் ஆண்டின் சுடும் ஆயுதங்கள் பற்றிய சட்டமும், சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டமும் இதில் மிகக் கடுமையானவை. நாம் இங்கே படிக்கப்போவது ஓர் இயந்திரத்தைப் பற்றியும், மனிதர்கள் ஒரு பொருளுக்கு மதிப்புப் போடும் விதத்தைப் பற்றியும் மட்டுமே.

கேள்வியைப் பிரித்துக்கொள்வோம்

‘இந்த ரிவால்வர் சிறந்ததா?’ என்ற கேள்வியை அப்படியே சோதிக்க முடியாது. ‘சிறந்தது’ என்ற சொல்லுக்குள் பல கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. அறிவியல் மாணவர் முதலில் செய்ய வேண்டியது அவற்றைப் பிரிப்பது.

முதலாவது, வேலைப்பாடு: உறுப்புகள் எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகின்றன? இரண்டாவது, செயல்பாடு: குறி எவ்வளவு சரியாகப் படுகிறது? பின்னுதைப்பு எவ்வளவு? மூன்றாவது, உழைப்பு: எத்தனை முறை பயன்படுத்திய பிறகும் பழுதின்றி இருக்கிறது? நான்காவது, அரிதான தன்மை: எத்தனை மிஞ்சியிருக்கின்றன? ஐந்தாவது, கதை: அது யார் கையில் இருந்தது?

முதல் மூன்றையும் அளவுகோலாலும் தராசாலும் அளக்கலாம். நான்காவதை எண்ணலாம். ஐந்தாவதை அளக்க முடியாது. ஆனால் ஆதாரம் கேட்கலாம். விலை என்பது இந்த ஐந்தும் கலந்த ஒரே எண். ஐந்து காய்கறிகளை அரைத்த பிறகு எது எவ்வளவு என்று கேட்பதைப் போன்றதுதான் விலையை மட்டும் பார்த்துத் தரத்தைத் தீர்மானிப்பது.

ரிவால்வர் இயங்கும் விதம்

ரிவால்வரின் நடுவில் ஒரு சுழல் உருளை இருக்கிறது. அதில் பெரும்பாலும் ஆறு அறைகள். ஒவ்வோர் அறையும் தன் முறை வரும்போது முன்னால் உள்ள குழலுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். ஆறு அறைகள் என்றால் ஒவ்வொரு முறையும் 360 ÷ 6 = 60 பாகை சுழல வேண்டும். 59 பாகையும் கூடாது, 61 பாகையும் கூடாது.

இதைச் செய்வது மிகப் பழைய ஒரு பொறிமுறை. உருளையின் பின்புறம் சிறிய பற்சக்கரம் உண்டு. டிரிகரை இழுக்கும்போதோ சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கும்போதோ ஒரு சிறு தள்ளுகோல் மேலெழுந்து அந்தப் பல்லைத் தள்ளுகிறது. உருளை சுழல்கிறது. சரியான இடத்துக்கு வந்ததும், கீழிருந்து ஒரு சிறு பூட்டு எழுந்து உருளையில் வெட்டப்பட்ட பள்ளத்துக்குள் நுழைந்து அதை நிறுத்துகிறது. பிறகு வில்லில் சேர்ந்திருந்த மீள்மச் சக்தி இயக்கச் சக்தியாக மாறிச் சுத்தியலை முன்னே தள்ளுகிறது.

உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்றும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் உருளை உராய்ந்து சுழலாது. இடைவெளி அதிகமானால் சூடான வாயு பக்கவாட்டில் வீணாகும். ஆக, நல்ல ரிவால்வர் என்பது இரண்டு விஷயங்களைச் சரியாகச் செய்வது: அறையைக் குழலுக்கு நேராக நிறுத்துவது, இடைவெளியைக் குறைவாக, ஆனால் இல்லாமல் போகாதபடி வைத்திருப்பது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் ‘வழக்குகளுக்கு’ப் போவோம்.

முதல் வழக்கு: வாக்கர், 1847

அமெரிக்காவின் சாமுவேல் கோல்ட் 1836-இல் தம் ரிவால்வருக்குக் காப்புரிமை பெற்றார். நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரில் தொடங்கிய அவரது முதல் தொழிற்சாலை சில ஆண்டுகளில் நொடித்துப் போனது. அவரை மீட்டது மெக்சிகோ போர். டெக்சஸ் ரேஞ்சர் படையைச் சேர்ந்த கேப்டன் சாமுவேல் வாக்கரின் யோசனைகளைக் கேட்டு, கோல்ட் ஒரு புதிய பெரிய ரிவால்வரை வடிவமைத்தார். அரசாங்கம் 1,000 கேட்டது. தம்மிடம் தொழிற்சாலை இல்லாததால், கனெடிகட் மாநிலத்தில் இருந்த எலி விட்னியின் மகனுடைய பட்டறையில் அவற்றைச் செய்வித்தார். பொதுமக்களுக்கென 100 சேர்த்து, மொத்தம் சுமார் 1,100.

வாக்கர் ரிவால்வரின் எடை ஏறத்தாழ 2 கிலோ. ஒரு கையில் இரண்டு கிலோ அரிசிப் பையைப் பிடித்து, கையை நேராக நீட்டி ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அதைப் பயன்படுத்தியவர்களின் பாடு புரியும். ஓர் அறையில் சுமார் 3.9 கிராம் கரும்பொடி நிரப்பலாம். அக்காலக் கைத்துப்பாக்கிகளில் அது மிக அதிகம்.

அங்கேதான் சிக்கல் வந்தது. பொடி எரிந்ததும் அறைக்குள் வாயு உருவாகிறது. அழுத்தம் என்பது ஓர் அலகுப் பரப்பின் மீது செயல்படும் விசை. அந்த அழுத்தம் அறையின் சுவரை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளுகிறது. இன்றைய கலப்பு எஃகு போன்ற உறுதியான உலோகம் அன்று கிடையாது. உருளைகள் செய்யப்பட்ட இரும்பின் தரம் ஒரே சீராக இல்லை. இரும்புக்குள் கசடு சிக்கிக்கொண்ட இடம் பலவீனமான இடம். அங்கே உருளை வெடித்தது. பல வாக்கர்கள் இப்படிப் பழுதாயின. மற்றொரு குறையும் இருந்தது: குண்டை உள்ளே அழுத்தும் நெம்புகோல், சுடும்போது ஏற்படும் அதிர்வில் தானே கீழே விழுந்து பொறியைத் தடுத்துவிடும்.

கோல்ட் பாடம் கற்றார். 1848-இல் வந்த ‘டிராகூன்’ வகையில் உருளையைச் சிறிதாக்கி, பொடியின் அளவைச் சுமார் 3.2 கிராமாகக் குறைத்தார். நெம்புகோலைப் பிடித்து நிறுத்த நல்ல கொக்கியும் வைத்தார். பொறியியலாகப் பார்த்தால் டிராகூன்தான் மேலானது.

ஆனால் ஏலத்தில்? 2018-இல் பெட்டியோடு மிஞ்சியிருந்த ஒரு வாக்கர் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. வெடிக்கும் உருளையும் விழும் நெம்புகோலும் கொண்ட மாதிரி, அந்தக் குறைகளைத் திருத்திய மாதிரியைவிடப் பல மடங்கு விலை உயர்ந்தது!

இதிலிருந்து ஒரு முடிவு தெளிவாகக் கிடைக்கிறது. விலையும் செயல்பாடும் எப்போதும் சேர்ந்தே உயரும் என்ற கருதுகோள் தவறு. ஒரு கருதுகோளைப் பொய்யாக்க ஒரே ஓர் எதிர்ச்சான்று போதும். வாக்கர் அந்த எதிர்ச்சான்று.

அதற்காக வாக்கரின் புகழ் பொய் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. அந்த 1,000 துப்பாக்கிகளின் ஆர்டர்தான் கோல்டை மீண்டும் தொழிலுக்குக் கொண்டுவந்தது. 1855-இல் ஹார்ட்ஃபர்டில் அவர் கட்டிய பெரிய தொழிற்சாலை, ஒரே மாதிரியான உறுப்புகளை இயந்திரங்களால் செய்யும் முறைக்குப் பேர்போனது. பின்னாளில் தையல் இயந்திரம், மிதிவண்டி, கார் ஆகியவற்றைச் செய்ததும் அந்த வழியில்தான். வாக்கரின் புகழ் வரலாற்றில் நியாயமானது. கருவி என்ற முறையில் நியாயமானதல்ல. ஒரே பொருளுக்கு இரண்டு விடைகள். கேள்வியைப் பிரித்ததால்தான் இது தெரிந்தது.

இரண்டாம் வழக்கு: பைத்தான், 1955

இனி இன்றைய சேகரிப்பாளர்கள் அதிகம் வாதாடும் துப்பாக்கிக்கு வருவோம். கோல்ட் நிறுவனம் 1955-இல் ‘பைத்தான்’ என்ற ரிவால்வரை வெளியிட்டது. அப்போதைய விலை 125 டாலர். ‘ரிவால்வர்களில் இது ரோல்ஸ்-ராய்ஸ்’ என்று அதன் ரசிகர்கள் சொல்வார்கள். அதன் சிறப்புகள் என்று சொல்லப்படுபவற்றை ஒவ்வொன்றாகச் சோதிப்போம்.

முதல் கூற்று: பின்னுதைப்பு குறைவு. பைத்தானின் குழலுக்கு அடியில் முழு நீளத்துக்கும் கனமான எஃகுப் பகுதி ஓடுகிறது. ஆறு அங்குலக் குழல் கொண்ட பைத்தானின் பொருண்மை சுமார் 1.2 கிலோகிராம். குண்டின் பொருண்மை 10 கிராம், அதன் வேகம் வினாடிக்கு 380 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உந்த அழிவின்மை விதிப்படி:

குண்டின் உந்தம் = 0.010 × 380 = 3.8 கிலோகிராம் மீட்டர்/வினாடி

துப்பாக்கி பின்னோக்கி நகரும் வேகம் = 3.8 ÷ 1.2 = வினாடிக்கு ஏறத்தாழ 3.2 மீட்டர்

0.8 கிலோகிராம் துப்பாக்கி என்றால் = 3.8 ÷ 0.8 = வினாடிக்கு ஏறத்தாழ 4.8 மீட்டர்

இயக்கச் சக்தியைக் கணக்கிட்டால் கனமானதற்கு 6 ஜூல், இலேசானதற்கு 9 ஜூல். (வெளியேறும் வாயுவின் உந்தத்தை இங்கே விட்டுவிட்டோம்.) ஆக, கை உணரும் அடி மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. எடை குழலின் முன்பக்கம் இருப்பதால் முனை மேலே எழும்புவதும் குறையும். இந்தக் கூற்று உண்மை. ஆனால் கவனியுங்கள்: இந்தப் பலன் எடையால் வருகிறது, பெயரால் அல்ல. இதே எடையில் யார் செய்தாலும் இதே விடைதான். பிற்காலத்தில் மற்ற நிறுவனங்களும் இதேபோலக் கனமான குழல்களைச் செய்தன.

இரண்டாம் கூற்று: உறுப்புகள் கையால் பொருத்தப்பட்டவை. இதுவும் உண்மை. அனுபவமுள்ள தொழிலாளர்கள் அரத்தையும் தேய்ப்புக் கல்லையும் கொண்டு ஒவ்வொரு துப்பாக்கியின் உறுப்புகளையும் சரிசெய்தனர். பைத்தானில் டிரிகர் முழுவதும் இழுக்கப்பட்ட நிலையில், தள்ளுகோல் உருளையைப் பூட்டோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கிறது. அந்தக் கணத்தில் உருளை இப்படியும் அப்படியும் அசையாது. ரசிகர்கள் இதை வங்கிப் பெட்டகத்தின் கதவோடு ஒப்பிடுவார்கள். அறை குழலுக்கு நேராக நிற்க வேண்டும் என்று பார்த்தோமே, அதற்கு இது உதவும்.

மூன்றாம் கூற்று: நீண்ட நாள் உழைக்கும். இங்கேதான் தடுமாற்றம். இறுக்கிப் பிடிக்கும் அந்தச் சிறிய தள்ளுகோலின் முனையில் ஒவ்வொரு முறையும் விசை விழுகிறது. தொடும் பரப்போ மிகச் சிறியது. விசை அதே அளவு, பரப்பு சிறியது என்றால் அழுத்தம் அதிகம். அழுத்தம் அதிகமானால் தேய்மானம் அதிகம். தேய்ந்ததும் உருளை முழு 60 பாகைக்கும் போய்ச் சேராமல் கொஞ்சம் முன்னதாகவே நிற்கத் தொடங்கும். அதைச் சரிசெய்ய, அந்த வேலை தெரிந்த கைவினைஞரே வேண்டும். போட்டி நிறுவனமான ஸ்மித் அண்ட் வெஸனின் பொறி அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது. ஆனால் அதே காரணத்தால் அந்த உறுப்பின் மீது விழும் சுமையும் குறைவு. பைத்தானின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

நான்காம் கூற்று: குறி தவறாது. 1970-களில் அமெரிக்கக் குறிசுடும் போட்டியாளர்கள் சிலர் விசித்திரமான ஒரு காரியம் செய்தார்கள். பைத்தானின் குழலைக் கழற்றி, ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வரின் உடலில் பொருத்திக்கொண்டார்கள். இரண்டு பெயர்களையும் கலந்து அதற்கு ‘ஸ்மைத்தன்’, ‘ஸ்மோல்ட்’ என்றும் பெயர் வைத்தார்கள். காரணம் எளிது. பைத்தானின் குழல் அவர்களுக்குப் பிடித்திருந்தது. குழலுக்குள் உள்ள திருகு வரிகள் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற அளவில் குண்டைச் சுழற்றின. போட்டி நிறுவனத்தின் குழலில் ஒரு சுற்றுக்கு 18.75 அங்குலம். வேகமாகச் சுழலும் பம்பரம் நிலையாக நிற்பதைப் போல, சுழலும் குண்டு நிலையாகப் பறக்கும். ஆனால் பைத்தானின் டிரிகர் அவர்கள் எல்லாருக்கும் பிடிக்கவில்லை. அதன் மடிந்த தகட்டு வில், இழுக்க இழுக்கக் கடைசியில் கனத்துக்கொண்டே போகும்.

வெற்றி தோல்வியைப் பார்ப்பவர்கள் பெயரை வணங்கவில்லை என்பதைப் பாருங்கள். அவர்கள் துப்பாக்கியைப் பிரித்து, நல்ல உறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நாம் கேள்வியைப் பிரித்ததைப் போலவே!

குறி விஷயத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பார்வைக் குறிகள் இரண்டுக்கும் இடையே 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி முன் குறி வெறும் 1 மில்லிமீட்டர் விலகுகிறது. 25 மீட்டர் தொலைவில் விலகல் எவ்வளவு? ஒத்த முக்கோணங்களின்படி 1 × (25,000 ÷ 200) = 125 மில்லிமீட்டர், அதாவது 12.5 சென்டிமீட்டர். நல்ல ரிவால்வருக்கும் மிக நல்ல ரிவால்வருக்கும் இடையே உள்ள வேறுபாடு இதைவிட மிகச் சிறியது. பெரும்பாலோர் கையில் அந்த வேறுபாடு நடுக்கத்துக்குள் மறைந்துபோகும்.

ஐந்தாம் கூற்று: அழகு. பைத்தானின் நீலக் கருமை நிறம் புகழ்பெற்றது. இது வண்ணப்பூச்சு அல்ல. எஃகின் மேற்பரப்பை வேதியியல் வினைக்கு உட்படுத்தி, மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடின் மெல்லிய படலத்தை உருவாக்குகிறார்கள். படலம் மிக மெல்லியது என்பதால், அடியிலுள்ள எஃகு எவ்வளவு வழவழப்போ அவ்வளவு பளபளப்பு வெளியே தெரியும். கோல்ட் தொழிலாளர்கள் எஃகைப் பல கட்டங்களாக மெருகேற்றியதால் அது கண்ணாடியைப் போல மின்னியது. அந்த உழைப்பு உண்மையானது.

ஆனால் இந்தப் படலம் துருவை ஓரளவுதான் தடுக்கும். எண்ணெய் பூசாமல் நம் ஊர் ஈரக்காற்றில் வைத்தால் துருப்பிடிக்கும். குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்த துருப்பிடிக்கா எஃகு இந்த வேலையை மேலும் நன்றாகச் செய்யும். குரோமியம் ஆக்சைடு படலம் கீறப்பட்டாலும் காற்றுப் பட்டதும் தானே மீண்டும் உருவாகிக்கொள்ளும். அழகில் நீலம் வெல்லலாம். பாதுகாப்பில் வெல்லாது.

விலை எப்போது ஏறியது?

கையால் பொருத்தும் வேலைக்குச் செலவு அதிகம். காவல்துறையினரும் ரிவால்வரை விட்டு வேறு வகைக் கைத்துப்பாக்கிகளுக்கு மாறினர். 1999-இல் பைத்தானின் வழக்கமான உற்பத்தி நின்றது. சிறப்பு ஆர்டருக்கு மட்டும் சில ஆண்டுகள் செய்து, பிறகு அதையும் நிறுத்தினார்கள். அளிப்பு நின்றுவிட்டது. 2010-இல் ‘த வாக்கிங் டெட்’ என்ற தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. அதன் நாயகன் கையில் இருந்தது பைத்தான். தேவை கூடியது. அளிப்பு நிலையாக இருக்கத் தேவை கூடினால் என்ன ஆகும் என்பதை வணிகவியல் படிக்கும் மாணவர்கள் உடனே சொல்வீர்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான்: 1999-இல் பெட்டியில் வைத்த ஒரு பைத்தானுக்குள் 2010-க்குப் பிறகு எதுவும் மாறவில்லை. அதன் எஃகு அதே, பொறி அதே, குழல் அதே. விலை மட்டும் ஏறியது. பொருளில் மாற்றமில்லாமல் விலை மாறினால், அந்த மாற்றத்துக்குக் காரணம் பொருளுக்கு வெளியே இருக்கிறது.

2020-இல் இயற்கையே நமக்கு ஒரு சோதனை நடத்திக் காட்டியது என்று சொல்லலாம். கோல்ட் நிறுவனம் பைத்தானை மீண்டும் வெளியிட்டது. துருப்பிடிக்கா எஃகு, குறைவான உறுப்புகள், பின்குறிக்கு அடியில் கூடுதல் எஃகு, நவீன இயந்திரங்களில் வெட்டிய பாகங்கள். அறிவிக்கப்பட்ட விலை 1,499 டாலர். 1955-இன் 125 டாலரை இதோடு ஒப்பிடுவோம். 1955-க்கும் 2020-க்கும் இடையே அமெரிக்காவில் பொருள்களின் விலை ஏறத்தாழ 9.7 மடங்கு ஏறியது. 125 × 9.7 = சுமார் 1,200 டாலர். அதாவது, பழைய பைத்தானைப் புதிதாக வாங்கியவர்கள் அந்தக் கைவேலை முழுவதையும் சேர்த்து, 2020-இன் கணக்கில் 1,200 டாலர் அளவில்தான் கொடுத்தார்கள்.

செயல்பாட்டுக்காகத்தான் மக்கள் பணம் கொடுக்கிறார்கள் என்றால், புதியது வந்ததும் பழையதன் விலை புதியதன் விலைக்கு அருகே இறங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. நல்ல நிலையிலுள்ள பழைய பைத்தான்கள் இன்றும் புதியதைவிட மிக அதிக விலைக்கே போகின்றன. அந்த வேறுபாட்டில் ஒரு பகுதி பழைய மெருகுக்கு. பெரும்பகுதி ‘இனி வராது’ என்பதற்கு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சேகரிப்பாளர்கள் மிக அதிகம் கொடுப்பது, பெட்டியும் காகிதமும் கெடாமல், ஒருமுறைகூடச் சுடப்படாத பைத்தானுக்கு. உருளையைச் சுற்றி ஒரு மெல்லிய கீறல் விழுந்தாலும் விலை குறையும். சுடுவதில் சிறந்தது என்ற புகழுக்காக வாங்குகிறார்கள். அந்தப் புகழைச் சோதித்தால் விலை போய்விடும் என்பதால் சுடவே மாட்டார்கள்.

கதைக்கு ஆதாரம் உண்டா?

ஐந்தாவது கூற்றான கதைக்கு வருவோம். 2019 ஜூன் மாதம் பாரிஸில் துருவேறிய ஒரு சிறிய ரிவால்வர் 162,500 யூரோவுக்கு ஏலம் போனது. அது லெஃபோஷே என்ற வகை, 7 மில்லிமீட்டர். கைப்பிடியின் பக்கப் பலகை இல்லை; சுடவும் முடியாது. ஓவியர் வின்சென்ட் வான் கோக் 1890-இல் தம்மைச் சுட்டுக்கொண்டது இதனால்தான் என்று நம்பப்படுகிறது. செயல்பாடு என்ற நெடுவரிசையில் இதற்கு மதிப்பெண் பூஜ்யம்.

‘நம்பப்படுகிறது’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆதாரங்கள் இவை: அவர் இறந்த ஓவேர் ஊரின் வயலில் அது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு கிடைத்தது, அதன் அளவு அவர் உடலிலிருந்த குண்டைப் பற்றி மருத்துவர் சொன்னதோடு ஒத்துப்போகிறது, நீண்ட காலம் மண்ணுக்குள் கிடந்ததைத் துருவின் நிலை காட்டுகிறது. மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஆனால் மூன்றும் சேர்ந்தும் ‘இதுதான்’ என்று உறுதியாக்கவில்லை. அதே வயலில் அதே காலத்தில் வேறொருவர் தொலைத்த துப்பாக்கியாகவும் அது இருக்கலாம்.

பேட் கேரட்டின் துப்பாக்கிக்கு ஆதாரம் வலுவானது. அதற்கு வரிசை எண் இருக்கிறது. அது கைமாறிய வரலாறு ஆவணங்களில் இருக்கிறது. கேரட்டின் மனைவி அதைத் திரும்பப் பெற வழக்குத் தொடுத்து வென்றதும் அவற்றில் ஒன்று. இப்படிச் சங்கிலி அறுபடாமல் இருந்தால்தான் கதைக்கு மதிப்பு. போலிகளும் திருத்தப்பட்டவையும் நிறைய உலவுவதால், சேகரிப்பாளர்கள் உருப்பெருக்கியின் கீழ் எழுத்துகளின் ஓரங்களைப் பார்க்கிறார்கள். பழைய துப்பாக்கியைத் தேய்த்துப் புதிதாக நீலமேற்றியிருந்தால், பொறித்த எழுத்துகளின் கூர்மை மழுங்கியிருக்கும். இதுவும் அறிவியல் வேலைதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இந்த இரண்டு துப்பாக்கிகளுக்கும் விலையைக் கொடுத்தது மரணம். ஒன்று 21 வயது இளைஞனின் மரணம், மற்றொன்று 37 வயது ஓவியரின் மரணம். திரையில் மின்னும் துப்பாக்கியைப் பார்க்கும்போது, அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு என்ன?

வாக்கர்: வரலாற்றுப் புகழ் நியாயம், கருவி என்ற புகழ் நியாயமில்லை. விலைக்குக் காரணம் எஞ்சியிருப்பவை குறைவு என்பதும் அதன் வரலாறும்.

பைத்தான்: வேலைப்பாட்டின் புகழ் பெரும்பாலும் நியாயம். குறி, பின்னுதைப்பு ஆகியவற்றில் நல்லது. ஆனால் தனக்கு நிகரே இல்லாதது அல்ல. உழைப்பில் அதன் போட்டியாளர்களுக்குக் கொஞ்சம் பின்னால். இன்றைய விலைக்குக் காரணம் அரிதான தன்மையும் திரைப்புகழும்.

கேரட்டின் துப்பாக்கி: சாதாரணக் கருவி, உறுதியான ஆதாரம், பெரிய கதை.

‘அந்த விலை தகுமா?’ என்றால், வாங்குபவர் எதை வாங்குவதாக நினைக்கிறார் என்பதைப் பொறுத்தது விடை. வரலாற்றை வாங்குகிறேன் என்று தெரிந்தே கொடுப்பவர் ஏமாறவில்லை. உலகின் சிறந்த இயந்திரத்தை வாங்குகிறேன் என்று நினைத்துக் கொடுப்பவர் ஏமாந்தார்.

நீங்களே செய்து பாருங்கள்

இந்த முறையை உங்கள் கையிலிருக்கும் பொருளுக்கும் பயன்படுத்தலாம். பூப்பந்து மட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு விலையில் மூன்று மட்டைகள். பெயரும் நிறமும் தெரியாதபடி ஒட்டுநாடாவால் மறையுங்கள். நரம்பின் இறுக்கம், பந்தின் வகை, அடிப்பவர் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். மட்டை தற்சார்பு மாறி. தரையில் சுண்ணக்கட்டியால் போட்ட வட்டத்துக்குள், 20 அடிகளில் எத்தனை விழுகின்றன என்பது சார்பு மாறி. எந்த மட்டை எது என்று அடிப்பவருக்கும் எண்ணுபவருக்கும் தெரியக்கூடாது. மறுநாள் வரிசையை மாற்றி மீண்டும் செய்யுங்கள். இரண்டு நாள் முடிவுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

சிந்திக்கச் சில கேள்விகள்:

1. 1.2 கிலோகிராம் துப்பாக்கிக்குப் பதில் 2 கிலோகிராம் வாக்கரில் அதே உந்தம் உண்டானால், பின்னோக்கிய வேகம் எவ்வளவு? அப்படியிருந்தும் பின்வந்த மாதிரிகளின் எடையை ஏன் குறைத்தார்கள்?

2. ஐந்து அறைகள் கொண்ட உருளை ஒவ்வொரு முறையும் எத்தனை பாகை சுழல வேண்டும்? அறைகள் குறைந்தால், அவற்றுக்கு இடையே உள்ள சுவரின் தடிப்பு என்ன ஆகலாம்?

3. புதிய பைத்தான் வந்தும் பழையதன் விலை இறங்கவில்லை. இதை வைத்துப் ‘பழையதுதான் தரத்தில் மேல்’ என்று ஒருவர் வாதிட்டால், நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு அவசரப்பட வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஐந்தாகப் பிரித்த கூற்றுகளை ஒரு தாளில் எழுதி, எதற்கு எது சான்று என்று நேருக்கு நேர் வைத்துப் பாருங்கள். நண்பரோடு வாதிட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.